மழையில் யாரும் பாடவில்லை

கேள்வி கேட்டவர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1952-இல் வந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்திருக்கிறார். பாட்டுகள் இரண்டு நாளாகக் காதை விட்டுப் போகவில்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, “அதெல்லாம் அரதப் பழசு, அந்தப் படத்துக்கென்று போட்ட மெட்டே கிடையாது, கதாநாயகியும் சொந்தக் குரலில் பாடவில்லை” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இது உண்மையா, உண்மையென்றால் பாடியது யார், பாட்டுகளை மட்டும் கேட்க எந்தத் தொகுப்பு நல்லது என்று கேட்கிறார். ஆனால் அடியில் இருக்கும் கேள்வி வேறு என்று எனக்குப் படுகிறது: “நான் ரசித்தது அசலா, நகலா? ஏமாந்துவிட்டேனா?” அதற்கும் சேர்த்தே சொல்லிப் பார்க்கிறேன்.

நான் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுக் கூடங்களில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். பாட்டுப் பதிவு, டப்பிங், எஃபெக்ட்ஸ், ரீ-ரெக்கார்டிங் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு குரல் இன்னொரு உதட்டில் எப்படி உட்காருகிறது என்பது எனக்குத் தொழில். நடனத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, மேற்கத்திய இசை இலக்கணமும் கேள்வி ஞானம்தான். அந்தப் பக்கம் போகாமல் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில், பாட்டுகள் பழையவை என்பது உண்மை. படத்தின் தயாரிப்பாளர் ஆர்தர் ஃப்ரீட், எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் இசைப்படங்களுக்கென்றே தனிப் பிரிவை நடத்தியவர். அதற்கு முன் அவர் பாடலாசிரியர். மெட்டுப் போட்டவர் நேசியோ ஹெர்ப் பிரவுன். இருவரும் பேசும்படம் பிறந்த காலத்திலிருந்து எழுதிக் குவித்த பாட்டுகள் ஸ்டூடியோவின் கையிருப்பில் கிடந்தன. இவற்றை வைத்து ஒரு கதை பண்ணுங்கள் என்று பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் என்ற இரண்டு எழுத்தாளர்களை வரவழைத்தார் ஃப்ரீட். நம் ஊரில் சூழ்நிலையைச் சொல்லிப் பாட்டு வாங்குவார்கள். அங்கே பாட்டை மேசை மேல் கொட்டிவிட்டுச் சூழ்நிலையைக் கேட்டார்கள். பாட்டுகளில் பல ஊமைப்படம் பேசும்படமாக மாறிய நேரத்து வாசனையோடு இருந்ததால், கதையையே 1927-க்குக் கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று இருவருக்கும் தோன்றியது. படத்தின் கதை பாட்டுகளின் வயதிலிருந்து பிறந்தது.

தலைப்புப் பாட்டு 1929-இல் வந்த ‘த ஹாலிவுட் ரெவ்யூ ஆஃப் 1929’ படத்துடையது. கையில் யுகுலேலே என்ற சின்ன கிட்டாரோடு கிளிஃப் எட்வர்ட்ஸ் பாடினார், கடைசியில் மழைக்கோட்டு மாட்டிய நட்சத்திரப் பட்டாளமே வரிசையாக நின்று பாடியது. 1940-இல் ஜூடி கார்லண்டும் அதை ஒரு படத்தில் பாடிவிட்டார். ‘யூ வேர் மென்ட் ஃபார் மீ’யும் 1929-தான், ‘த பிராட்வே மெலடி’ படம். ‘ஆல் ஐ டூ இஸ் டிரீம் ஆஃப் யூ’ 1934, ‘யூ ஆர் மை லக்கி ஸ்டார்’ 1935. ‘உட் யூ’ 1936-இல் ‘சான் ஃபிரான்சிஸ்கோ’ படத்தில் ஜெனெட் மெக்டொனால்ட் பாடியது. நாயகன், நாயகி, நண்பன் மூன்று பேரும் சோபாவைக் கவிழ்த்துக்கொண்டு முடிக்கும் ‘குட் மார்னிங்’ 1939-இல் மிக்கி ரூனியும் ஜூடி கார்லண்டும் பாடியது. படத்துக்கென்றே எழுதியவை இரண்டுதான். ஒன்று ‘மோசஸ் சப்போசஸ்’, உச்சரிப்பு வாத்தியாரைக் கிண்டலடிக்கும் பாட்டு. அதுவும் அவர்கள் ஊர் நாக்குப் பிறழ் வாக்கியத்தை வைத்துக் கட்டியது. நம்முடைய ‘ஓடுற நரியில ஒரு நரி கிழநரி’க்கு மெட்டுப் போட்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. மெட்டு, ஃப்ரீடின் பிரிவில் இருந்த இசைக்காரர் ரோஜர் ஈடன்ஸ். இன்னொன்று ‘மேக் எம் லாஃப்’.

இந்த ‘மேக் எம் லாஃப்’ கொஞ்சம் சங்கடமான விஷயம். 1948-இல் இதே ஃப்ரீட் தயாரித்து, இந்தப் படத்தின் நாயகன் ஜீன் கெல்லியே நடித்த ‘த பைரேட்’ படத்தில் கோல் போர்ட்டர் எழுதிய ‘பி எ கிளவுன்’ என்று ஒரு பாட்டு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நடை, வரி மடங்கும் இடம், மெட்டு ஏறி இறங்கும் விதம் எல்லாம் அச்சு அசல். ‘சாயல் இருக்கிறது’ என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். இயக்குநர்களில் ஒருவரான ஸ்டான்லி டோனன், “டொனால்ட் ஓ’கானருக்கு (நாயகனின் நண்பனாக நடித்தவர்) அந்த மாதிரி ஒரு பாட்டு வேண்டும் என்றுதான் கேட்டோம், ஃப்ரீட் அதையே கொண்டுவந்துவிட்டார்” என்கிற பொருளில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். போர்ட்டர் வழக்குப் போடவில்லை. ‘அந்த மாதிரி’ என்ற இரண்டு வார்த்தை எங்கள் தொழிலில் எத்தனை பாட்டுகளைப் பெற்றெடுத்தது என்று கேட்டால், நான் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.

ஆகப் பாட்டுகள் பழையவை, ஒன்று இரவல். அப்படியென்றால் உங்கள் காதை விட்டுப் போகாமல் இருப்பது எது? இந்தப் படத்து இசையின் சிறப்பு மெட்டில் இல்லை, மெட்டுக்குப் போட்ட உடுப்பில் இருக்கிறது என்பது என் எண்ணம். கச்சேரியில் ‘எந்தரோ மகானுபாவுலு’ ஆரம்பித்தால் பழைய உருப்படியாயிற்றே என்று யாரும் எழுந்து போவதில்லை. இன்றைக்கு இவர் எப்படிப் பாடுகிறார் என்றுதான் கேட்கிறோம். ஆகவே இந்தப் பாட்டுகளுக்கு யார் இசை என்று கேட்டால் பிரவுன் பெயரோடு நின்றுவிடக் கூடாது. இசையை நடத்திய லென்னி ஹேட்டன், வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதிய கான்ராட் சாலிஞ்சர், வாலி ஹெக்லின், ஸ்கிப் மார்ட்டின் பெயர்களையும் சொல்ல வேண்டும்.

தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 1929 படத்தில் அது கூட்டமாக நின்று பாடுகிற கொண்டாட்டப் பாட்டு. 1952-இல் ஒரே ஆள், நடுராத்திரி, காதலியை வீட்டு வாசலில் விட்டுவிட்டு நிற்கிறான். பல்லவி வருவதற்கு முன்னால் வார்த்தையில்லாமல் ஒரு முனகல் வருகிறதே, ‘டூ டி டூ டூ’ என்று, அது ஈடன்ஸ் சேர்த்தது. பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பாட வேண்டும் என்று நினைத்துப் பாடுகிறவன் அப்படித் தொடங்க மாட்டான், நடந்துகொண்டே இருக்கும்போது தானாக வாயில் வருவது அது. கெல்லிக்குக் கனத்த குரல் கிடையாது. அதனால் பாடும் வரை வாத்தியங்களை அடக்கியே வைத்திருக்கிறார்கள், நடைவேகம்தான் தாளம். அவர் பாடி முடித்துக் குடையை விரித்துப் பிடித்தபடி தெருவின் நடுவில் வட்டமடிக்கும்போது கேமரா மேலே எழும்புகிறது, அப்போதுதான் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் அணையைத் திறந்தது மாதிரி வருகிறது. அப்புறம் போலீஸ்காரர் வந்து நின்றதும் எல்லாம் சுருங்கி மறுபடி அந்த முனகல் அளவுக்கு வந்துவிடுகிறது. பெரிதாக வாசிப்பதை எல்லாரும் செய்வார்கள். எங்கே சும்மா இருப்பது என்று தெரிந்தவர்கள் செய்த வேலை இது.

இன்னொரு விஷயம். அந்த மழையில் யாரும் பாடவில்லை. பாட்டு முன்கூட்டியே ஸ்டூடியோவில் பதிவாகிவிட்டது. படப்பிடிப்பில் அதை ஒலிக்கவிட்டு, குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு அடியில் கெல்லி வாயசைத்து ஆடினார். நம் படப்பிடிப்புகளில் நடப்பதேதான். பகலில், ஸ்டூடியோ வளாகத்துத் தெருவைக் கறுப்புத் தார்பாய் போட்டு மூடி இரவாக்கி எடுத்தார்கள். அவ்வளவு தண்ணீர்ச் சத்தத்தில் அங்கே பதிவான ஒலி எதற்கும் உதவாது. எனவே காலடித் தட்டல்களைப் பிற்பாடு கூடத்தில் தனியாகப் பதிவு செய்து சேர்த்தார்கள். நீங்கள் கேட்பது மூன்று அடுக்கு: குரலும் வாத்தியமும் ஒன்று, கால் ஒன்று, தண்ணீர் ஒன்று.

நடுவில் உள்ள அந்தக் கால் அடுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு பரத நாட்டியக் காட்சிக்குச் சலங்கை சேர்த்தது ஞாபகம் வருகிறது. எஃபெக்ட்ஸ்காரர் சலங்கையைக் காலில் கட்டவில்லை, இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு, திரையைப் பார்த்தபடி தொடையில் தட்டினார். மணி சரியாக விழுந்தது, ஆனாலும் எங்கேயோ இடித்தது. நாலைந்து டேக் போன பிறகுதான் புரிந்தது. சலங்கைக்கு அடியில் பாதம் தரையில் விழுகிற ‘தொம்’ இல்லை. பிறகு இன்னொருவரை வெறுங்காலோடு பலகை மேல் மிதிக்கச் சொல்லி இரண்டையும் கலந்தோம். ஒரு நிமிடக் காட்சிக்கு அரைநாள் போனது. கெல்லியின் பாட்டிலோ தட்டல் ஒவ்வொன்றும் வேறு. நடைபாதைக் கல்லில் ஒரு சத்தம், தேங்கிய தண்ணீரில் ஒரு சத்தம். கடைசியில் குழந்தை மாதிரி குட்டையில் குதிக்கிறாரே, அங்கே தாளமும் சளப்பும் ஒன்றாகவே விழுகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருமுறை அதை மட்டும் கேளுங்கள்.

சரி, யார் பாடினார்கள் என்பதற்கு வருவோம். கெல்லியும் ஓ’கானரும் தங்கள் பாட்டுகளைத் தாங்களே பாடினார்கள். கதாநாயகி டெபி ரெனால்ட்ஸ் ‘குட் மார்னிங்’, ‘ஆல் ஐ டூ இஸ் டிரீம் ஆஃப் யூ’ பாட்டுகளில் சொந்தக் குரல். அப்போது அவருக்கு 19 வயது. ‘உட் யூ’ பாட்டில் மட்டும் குரல் அவருடையதல்ல, பெட்டி நாய்ஸ் என்ற பாடகியுடையது. வால்ட் டிஸ்னியின் ‘டம்போ’ படத்தில் தாய் யானை குட்டியைத் தாலாட்டும்போது ஒலிக்கும் பாட்டும் இவர் குரல்தான், இரண்டு படத்திலும் டைட்டிலில் பெயர் கிடையாது. ‘யூ ஆர் மை லக்கி ஸ்டார்’ பாட்டின் உச்ச சுரங்களும் நாய்ஸ்தான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதில் ஒருமித்த முடிவு இல்லை, நானும் கேட்டுப் பார்த்து ஒரு பக்கம் சாயவில்லை. ‘உட் யூ’வில் எந்தச் சந்தேகமும் இல்லை.

இதில் வேடிக்கையே கதையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான். ஊமைப்பட நட்சத்திரம் லீனா லாமான்டுக்குக் கீச்சுக்குரல். பேசும்படம் வந்ததும் மானம் போகிறது. எனவே கேத்தி என்ற இளம்பெண் (டெபி ரெனால்ட்ஸ்) மறைவில் இருந்து லீனாவுக்குக் குரல் கொடுக்கிறாள். கேத்தி மைக் முன்னால் நின்று லீனாவுக்காகப் பாடும் அந்தக் காட்சியில் வருவதுதான் நாய்ஸின் குரல். லீனாவுக்குப் பாடுவதாக நடிக்கும் டெபிக்கு இன்னொருவர் பாடுகிறார். அது போகட்டும், கேத்தி லீனாவுக்கு வசனம் டப்பிங் பேசும் இடம் இன்னும் விசேஷம். அங்கே கேட்கும் பாந்தமான குரல் லீனாவாக நடித்த ஜீன் ஹேகனின் இயல்பான குரல். அவர் நிஜத்தில் அழகாகப் பேசுவார், கீச்சுதான் நடிப்பு. ஹேகனுக்கு டப்பிங் பேசும் டெபிக்கு, ஹேகனே டப்பிங் பேசியிருக்கிறார். இதை முதலில் ஒரு மூத்த ஒலிப்பதிவாளர் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு போட்டுக் கேட்டேன், உண்மைதான்.

படத்தின் கடைசியில் திரையை இழுத்து, பின்னால் நின்று பாடுகிறவளை ஊருக்குக் காட்டுகிறார்கள். லீனா அவமானப்பட்டு ஓடுகிறாள். அமெரிக்கப் பார்வையாளருக்கு அது மோசடி அம்பலமான இடம். நமக்கு அந்தக் காட்சி கொஞ்சம் விசித்திரம்தான், நாமாக இருந்தால் பாடியவருக்கு ஒரு மாலை போட்டு, நடித்தவரையும் பக்கத்தில் நிறுத்திக் கைதட்டியிருப்போம். 1938-இல் ஏவி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ படத்தில் ஒரு நடிகைக்காக லலிதா வெங்கட்ராமன் பாடியது முதல், பின்னணிப் பாடகர் என்பது இங்கே ஒரு பதவி. டி.எம்.எஸ். சிவாஜிக்குப் பாடியதை யாரும் ஏமாற்று என்று சொன்னதில்லை. ஹாலிவுட்டில் அதே வேலையைச் செய்துகொண்டே ஒளித்து வைத்தார்கள், ஒளிப்பது தப்பு என்று கதையும் எழுதினார்கள். அந்த வருடம் இசை அமைப்புக்கான ஆஸ்கர் பரிந்துரையில் ஹேட்டனின் பெயர் இருந்தது. விருது ‘வித் எ சாங் இன் மை ஹார்ட்’ படத்துக்காக ஆல்ஃபிரட் நியூமனுக்குப் போனது. பாடகி ஜேன் ஃப்ரோமனின் வாழ்க்கைக் கதை அது, சூசன் ஹேவர்ட் வாயசைக்க, பாட்டுகள் முழுவதையும் ஜேன் ஃப்ரோமனே பாடியிருந்தார்.

நண்பர் சொன்னதோடு சேர்ந்து உலவும் இன்னொரு கதையையும் முடித்துவிடுகிறேன். மழை கேமராவில் தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்பது. அது கட்டுக்கதை. மழைக்குப் பின்னாலிருந்து விளக்குப் போட்டால் துளி தானாகத் தெரியும், நம் ஊர் லைட்மேனும் அதைத்தான் செய்வார். கெல்லி 103 டிகிரி காய்ச்சலோடு ஆடினார் என்பதோ நிலைத்துவிட்ட செய்தி, அதைத் தள்ளிவிடக் காரணமில்லை. ‘குட் மார்னிங்’ படப்பிடிப்பு முடிந்தபோது காலில் ரத்தம் வந்ததை டெபி ரெனால்ட்ஸ் தாமே எழுதியும் பேசியும் இருக்கிறார்.

எங்களைப் போன்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் பாட்டிலேயே இல்லை, லீனாவின் முதல் பேசும்படத்தை முன்னோட்டமாகத் திரையிடும் காட்சி. முத்துமாலையை நெருடினால் இடி இடிக்கிறது. பாதியில் ஒலி நழுவி, வில்லன் தலையாட்டுவதும் நாயகி ‘வேண்டாம்’ என்பதும் ஆள் மாறி ஒலிக்கிறது. இது வெறும் கற்பனை நகைச்சுவை அல்ல. அன்றைய வைட்டாஃபோன் முறையில் ஒலி படச்சுருளில் கிடையாது, 16 அங்குல இசைத்தட்டில் தனியாகச் சுழலும். சுருளில் நாலு ஃபிரேம் அறுந்து ஒட்டினாலோ, ஊசி ஒரு வரி தாண்டினாலோ, அந்தச் சுருள் முடியும் வரை உதடும் குரலும் சேராது.

கடைசியாக, எதைக் கேட்பது? 1952-இல் எம்.ஜி.எம். ரெகார்ட்ஸ் வெளியிட்டது 10 அங்குல இசைத்தட்டு. அந்த அளவுத் தட்டில் பக்கத்துக்குக் கால் மணி நேரம் கொள்வதே பெரிது, படத்தின் முழு இசை அதில் அடங்காது. பழைய தொகுப்பு எதையாவது கேட்டுவிட்டு, படத்தில் இருந்தது ஏதோ குறைகிறதே என்று தோன்றினால் காது பழுதில்லை. 1990-களுக்குப் பிறகு வந்த விரிவான குறுந்தகடுகளில் முழு நீளப் பதிவுகளும், படத்திலிருந்து வெட்டப்பட்ட பாட்டுகளும் சேர்ந்திருக்கின்றன. கெல்லி தனியாகப் பாடும் ‘ஆல் ஐ டூ இஸ் டிரீம் ஆஃப் யூ’ அதில் ஒன்று. அந்தக் காட்சியின் படச்சுருள் போய்விட்டது, ஒலி மட்டும் மிஞ்சியது. பின்னாளில் ஸ்டீரியோ ஆக்கிய வடிவங்களும் கிடைக்கும், என் ஓட்டு மோனோவுக்கே. அவர்கள் கலந்த அளவு அதில்தான் இருக்கிறது.

ஆனால் ‘உட் யூ’வை மட்டும் தகட்டில் கேட்காதீர்கள், படத்தில் பாருங்கள். கேத்தி மைக் முன்னால் பாடத் தொடங்குவாள், பாட்டு நிற்காமலே லீனா படப்பிடிப்பில் வாயசைப்பாள், அதுவும் மாறிக் கறுப்புவெள்ளையில் முடிந்த படமாகத் திரையில் ஓடும். ஒரு பாட்டின் பதிவு, படப்பிடிப்பு, வெளியீடு மூன்றும் அதற்குள் வந்துவிடுகின்றன, முகம் மாறினாலும் குரல் மாறுவதில்லை. அந்த மூன்று இடத்திலும் பெட்டி நாய்ஸ் மட்டும் எங்கேயும் கண்ணில் பட மாட்டார்.